அண்டாவின் பிடி ஏன் கழன்று வருகிறது

புதுசா வேலைக்குச் சேர்ந்திருக்கிற உங்ககிட்ட என்னைப் பத்தி ஆபீஸ்ல என்ன சொல்லி வெச்சிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும். முப்பது வருஷம் காப்புரிமை விண்ணப்பம் எழுதினவங்க, கை வெச்சா கரெக்டா இருக்கும்னு சொல்லியிருப்பாங்க. சுத்தப் பொய். நான் பண்ணின தப்பையெல்லாம் யாரும் ஃபைல் போட்டு வெச்சுக்கல, அவ்வளவுதான் விஷயம். அதுல ஒண்ணை இன்னிக்கு நானே எடுத்து வெக்கிறேன். சிரிக்கணும்னா சிரிச்சுக்குங்க, ஆனா நோட்ஸ் எடுக்காதீங்க. நோட்ஸ் எடுக்கிறவங்க முகத்தைப் பார்க்கிறதில்ல, இந்தத் தப்பே நான் முகத்தைப் பார்க்காததால வந்ததுதான்.

நான் ரிட்டயர் ஆகறதுக்கு சில வருஷம் முன்னாடி செல்வகுமார்னு ஒருத்தர் சேலையூர்ல என் வீட்டுக்கே வந்தார். ஜி.எஸ்.டி ரோட்டோரம் கார் கதவுக்கு ரப்பர் பட்டை செய்யற ஒரு கம்பெனியில ஃபிட்டர். அதோட பகுதிநேர ராணுவ வீரர். இப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறதே உங்கள்ல பாதிப்பேருக்குத் தெரியாது. வருஷத்துல பத்து மாசம் உங்களை மாதிரி வேலைக்குப் போவாங்க, ரெண்டு மாசம் சீருடை போட்டு கேம்ப்புக்குப் போவாங்க. கூப்பிட்டா போருக்கும் போகணும். சோபாவுல உட்காருங்கன்னு நான் மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும் "பரவால்ல மேடம்"னு விறைப்பா நின்னுக்கிட்டே இருந்தார். என் வீட்டு நாய் கூட அவரைப் பார்த்து ஒழுங்கா உட்கார்ந்துச்சு.

அவர் செய்திருந்தது ஒரு இரும்புச் சட்டம். பெரிய அண்டாவுல சோறு பொங்கி கஞ்சி வடிக்கிறதை நீங்க கல்யாண மண்டபத்துல பார்த்திருப்பீங்க. ரெண்டு பேர் துணியைச் சுத்திப் பிடிச்சு, "மெதுவா, மெதுவா"ன்னு கத்திக்கிட்டு சாய்ப்பாங்க. கொஞ்சம் பிசகினா கை வெந்துடும். செல்வகுமாரோட சட்டத்தை அண்டா கழுத்துல மாட்டி, ஒரு பிடியை ஒரே ஆள் அழுத்தினா போதும், அண்டா தானா சாயும், கஞ்சி வடியும், சோறு உள்ளயே நிக்கும். பார்த்ததும் எனக்கே ஆசையா இருந்துச்சு. என் வீட்டுல இருக்கிறது ரெண்டு பேர், நான் வைக்கிறது ஒரு டம்ளர் அரிசி, எனக்கு எதுக்குன்னு கேக்காதீங்க. நல்ல பொருளைப் பார்த்தா ஆசை வரும்.

அவருக்கு வேண்டியதும் தெளிவா இருந்துச்சு. காப்புரிமை கையில வந்தா, இரும்புலியூர்ல மாமனார் வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற ஷெட்டுல அவரே இதைச் செஞ்சு விக்கணும். மாமனார் அங்க கோழி வளர்த்துக்கிட்டிருந்தார். மருமகன் பேச்சை நம்பி கோழியையெல்லாம் மொட்டை மாடிக்கு மாத்திட்டு ஷெட்டைக் கழுவிவிட்டுட்டார். மாமியார் மாடியில வடாம் காய வைக்க முடியாம தினமும் செல்வகுமாரைத் திட்டிக்கிட்டிருந்தாங்க. ஆக, குடும்பத்துல எல்லாரும் இந்த அண்டாவை நம்பி நின்னுக்கிட்டிருந்தாங்க.

இப்ப என் தப்புக்கு வர்றேன். பொருள் எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டேன். படம் வரைஞ்சேன். அப்புறம், தலையை நிமிர்த்தாமலே, "கண்டுபிடிச்சவங்கன்னு யார் யார் பேரைப் போடணும்?"னு கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். முதல்ல அவரோட படைப்பிரிவு கர்னல். ரெண்டாவது கம்பெனி ஜி.எம். மூணாவது கேம்ப்புல சுபேதார் சாப். நாலாவது கம்பெனியில ஹெச்.ஆர் அம்மா. அஞ்சாவதா, ரொம்பக் கூச்சத்தோட, செல்வகுமார்.

இவ்வளவு பெரிய மனுஷங்க சேர்ந்து ஒரு அண்டாவைப் பத்தி யோசிச்சிருக்காங்களேன்னு எனக்கு ஒரு நிமிஷமாவது உறைச்சிருக்கணும். உறைக்கல. அன்னிக்குச் சாயங்காலம் எனக்கு சர்ச்சுல பாட்டுப் பயிற்சி இருந்துச்சு. கையெழுத்து வாங்க அவகாசம் இருக்கு, பேரை மட்டும் போட்டு அனுப்பிடலாம்னு அனுப்பிட்டேன்.

அதோட நிக்கல. அந்தச் சட்டத்துல பிடியைக் கழட்டி அண்டாவோட வலது பக்கமும் மாட்டலாம், இடது பக்கமும் மாட்டலாம். இது ஏன்னு நான் அவரைக் கேக்கல. நானே விண்ணப்பத்துல, "எளிதாக எடுத்துச் செல்வதற்கு ஏதுவாகப் பிடி கழற்றத்தக்கதாக அமைக்கப்பட்டுள்ளது"ன்னு அழகா ஒரு வாக்கியம் எழுதிட்டேன். எழுதிட்டு ரெண்டு தடவை படிச்சும் பார்த்தேன், அவ்வளவு பெருமை.

சில மாசம் கழிச்சு ஒரு செவ்வாய்க்கிழமை செல்வகுமார் மறுபடி வந்தார். இந்தத் தடவை சொல்லாமலே உட்கார்ந்தார். அதைப் பார்த்ததுமே ஏதோ பெரிய சிக்கல்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கையில கம்பெனி சட்டப் பிரிவோட கடிதம். எங்க ஜி.எம். கண்டுபிடிப்பாளர்னு உங்க விண்ணப்பமே சொல்லுது, அவர் வேலையில சேரும்போதே, தான் கண்டுபிடிக்கிறது எல்லாம் கம்பெனிக்குத்தான்னு எழுதிக் கொடுத்திருக்கார், அதனால இந்தப் பொருள் கம்பெனியோடது, வெள்ளிக்கிழமைக்குள்ள செல்வகுமார் தன் பங்கையும் எழுதிக் கொடுக்கணும்னு இருந்துச்சு. அவர் தனியா செஞ்சு விக்கவும் கூடாதாம்.

வேடிக்கை என்னன்னா, ஃபிட்டர்கிட்ட கம்பெனி அப்படி எதுவும் எழுதி வாங்கல. ஃபிட்டர் என்னத்தைக் கண்டுபிடிக்கப் போறார்னு விட்டுட்டாங்க. செல்வகுமார் தன் பேரை மட்டும் போட்டிருந்தா ஒருத்தரும் கிட்ட வந்திருக்க முடியாது. கதவைத் திறந்து, வாங்க உட்காருங்கன்னு கம்பெனியைக் கூட்டி வந்தது அந்தப் பட்டியல். பட்டியல்ல கர்னல் வேற இருக்கார். நாளைக்கு ராணுவமும் இதே மாதிரி கடிதம் அனுப்பினா ரெண்டு பெரிய ஆளுங்களுக்கு நடுவுல இவர் நசுங்கிடுவார். போதாததுக்கு அடுத்த திங்கட்கிழமை அவருக்குக் கேம்ப். போனா ரெண்டு மாசம் வர முடியாது.

அப்பதான் நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். பேர் வேண்டாம்ப்பா, முதல்லேர்ந்து கதையைச் சொல்லுன்னேன்.

சொன்னார். கதை ஆரம்பிச்சது கேம்ப்புல, திறந்த வெளியில, லங்கர்னு அவங்க சொல்ற சமையல் கொட்டகையில. வடிக்கும்போது ஏழுமலை அண்ணன் கையில கஞ்சி கொட்டிடுச்சு. ஏழுமலை அண்ணன் படுற பாட்டைப் பார்த்து இவர் ஒரு சட்டம் செஞ்சு கொடுத்தார். ஏழுமலை அண்ணன் நொட்டை சொன்னார். இவர் மாத்தினார். ஏழுமலை அண்ணன் மறுபடி நொட்டை சொன்னார். ஊருக்குத் திரும்பி வந்து, ஜி.எம். அனுமதியோட, ஷிப்ட் முடிஞ்சப்புறம் கம்பெனி பட்டறையில நல்லதா ஒண்ணு வெல்டிங் பண்ணினார். ஜி.எம். பார்த்துட்டு முதுகுல தட்டினார். கர்னல் ஒரு நாள் அந்தப் பக்கமா நடந்து போனார். அவ்வளவுதான் அந்த ரெண்டு பேரோட பங்கு.

கதை முழுக்க இருக்கிற ஏழுமலை அண்ணன் பட்டியல்ல ஏன் இல்லன்னு கேட்டேன்.

"அவர் குக்கு மேடம்."

"அதனால?"

"அவரால எனக்கு லீவு கொடுக்க முடியாதே."

அந்த நாலு பேரையும் மறுபடி படிச்சுப் பார்த்தேன். கர்னல், ஜி.எம்., சுபேதார், ஹெச்.ஆர். கம்பெனியில கேம்ப்புக்குப் போக லீவு கொடுக்கிறவங்க ரெண்டு பேர், கேம்ப்புல வீட்டு விசேஷத்துக்கு வர லீவு கொடுக்கிறவங்க ரெண்டு பேர். அடப்பாவி, லீவு லெட்டர்ல கையெழுத்துப் போடறவங்க பட்டியலைத்தான் நான் கண்டுபிடிப்பாளர்கள்னு அரசாங்கத்துக்கு அனுப்பியிருக்கேன்.

கோபமா வந்துச்சு, கத்தலாம்னு வாயைத் திறந்தேன். ஆனா அவரைச் சொல்லி என்ன குத்தம். யார் யார் பேரைப் போடணும்னு நான் கேட்டது, விழாப் பத்திரிகை அடிக்கிற அச்சகத்துல கேக்கிற கேள்வி. அங்க அதைக் கேட்டா என்ன பதில் வரும்? தலைமை, முன்னிலை, வாழ்த்துரை. வேலை செஞ்சவன் பேர் கடைசியில வரும், சமைச்சவன் பேர் வரவே வராது. அவர் என் கேள்விக்கு மரியாதையா பதில் சொல்லியிருக்கார். கேம்ப்புக்கு விட்டே ஆகணும்னு சட்டம் இருக்கேன்னு கேட்டதுக்கு, "சட்டம் ஜி.எம். மூஞ்சியைப் பார்க்க வேண்டாம் மேடம், நான் தினமும் பார்க்கணும்"னார். பத்து மாசம் ஒரு முதலாளி, ரெண்டு மாசம் இன்னொரு முதலாளின்னு வாழற மனுஷனோட பயம் எனக்கு அப்பதான் புரிஞ்சுது.

புதன்கிழமை வண்டலூர் போனேன். ஏழுமலை ராணுவத்துலதான் சமையல்காரர், மத்த பத்து மாசமும் ஷேர் ஆட்டோ ஓட்டறவர். நாப்பத்தஞ்சு வயசு, கையில சுட்ட தழும்பு. வண்டியை நிறுத்திப் பேசலாமான்னு கேட்டேன். டைம் இல்ல, ஏறிக்குங்கன்னுட்டார். நான் சேலையைச் சுருட்டிக்கிட்டு முன் சீட்டுல அவர் பக்கத்துல தொத்திக்கிட்டேன். தாம்பரம் வரைக்கும் விசாரணை. பின்னாடி உட்கார்ந்திருந்த ஆறு பேரும் எங்க பேச்சைக் கேட்டுக்கிட்டு வந்தாங்க. பிடி ஏன் ரெண்டு பக்கமும் மாட்ற மாதிரி இருக்குன்னு கேட்டேன்.

"அத்த நான்தாம்மா சொன்னேன். சோறு வடிக்கச் சொல்ல ஆவி மூஞ்சில அடிக்கும். காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வருதோ அந்தப் பக்கம்தான் நிக்கணும். இவரு ஒரே பக்கம் பிடி வெச்சுக்கினு வந்தாரு. காத்து திரும்பிச்சுன்னா நான் இன்னா பண்றது? கொதிக்கிற அண்டாவ திருப்பறதா? பிடிய கழட்டி அந்தாண்ட மாட்டு, நான் அந்தாண்ட போய் நின்னுக்கிறேன்னேன்."

பின் சீட்டுலேர்ந்து ஒரு அம்மா, கரெக்டுதான்னு தலையாட்டினாங்க. எனக்கு முகம் சுருங்கிப் போச்சு. எடுத்துச் செல்ல ஏதுவாகவாம். இந்தப் பொருளோட உயிரே அந்தப் பிடி. அதை யார் யோசிச்சான்னும் தெரியாம, ஏன்னும் தெரியாம நான் அலங்காரமா பொய் எழுதி வெச்சிருக்கேன். வீட்டுலயும் நீங்கதான் சமைப்பீங்களான்னு ஏதோ கேட்டுப் பேச்சை மாத்தினேன். "வூட்ல நான் வென்னீ கூட வெக்க மாட்டேம்மா"ன்னு சிரிச்சார். வெள்ளிக்கிழமை என்கூட வரணும்னு கேட்டுக்கிட்டேன்.

கர்னல் விஷயம் நினைச்சதை விடச் சுலபமா முடிஞ்சுது. வியாழக்கிழமை செல்வகுமார் படைப்பிரிவு ஆபீசுக்கே போய் நின்னார். தன் பேர் ஒரு வியாபாரப் பத்திரத்துல இருக்குன்னு கேட்டதும் கர்னல் நாற்காலியை விட்டு எழுந்துட்டாராம். மேலிடத்துக்குத் தெரியாம பேர் வந்தா அவருக்குத்தான் விசாரணை. என் வாழ்க்கையில ஒரு முட்டை கூட அவிச்சதில்ல, நான் எங்கேயா அண்டாவைப் பத்தி யோசிச்சேன்னு காய்ச்சி எடுத்துட்டு, நான் கண்டுபிடிக்கலைன்னு அந்த இடத்துலயே கையெழுத்துப் போட்டார். சுபேதார், கர்னல் கையெழுத்துக்குக் கீழ எந்தக் காகிதமா இருந்தாலும் போடுவார், போட்டார். கேம்ப்புல பிறந்த யோசனையாச்சே, படைப்பிரிவு உரிமை கேக்குமான்னு மேலிடத்துக்கும் முறையா எழுதிக் கேக்கச் சொன்னேன். ஹெச்.ஆர் அம்மாவும் கம்பெனிக்கு வெளியில பேக்கரியில வெச்சு கையெழுத்துப் போட்டுட்டாங்க. பாக்கி ஜி.எம்.

அவர்தான் சிக்கல். விண்ணப்பம் போன அன்னிக்கே கண்டுபிடிப்பாளர்னு ஸ்வீட் வாங்கிக் கொடுத்திருக்கார். குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டு, வெளிநாட்டுல இருக்கிற மகன் அப்பாவைப் பாராட்டி நாலு வரி எழுதியிருக்கார். அப்படிப்பட்டவரை, நான் கண்டுபிடிக்கலைன்னு எழுதிக் கொடுன்னு எந்த வாயால கேக்கிறது? அதுவும் செல்வகுமாரோட லீவு லெட்டர்ல அவர் இன்னும் கையெழுத்துப் போடாம இருக்கும்போது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கம்பெனி மீட்டிங் ரூம். ஜி.எம்., சட்டப் பிரிவுலேர்ந்து உங்க வயசுல ஒரு பொண்ணு, நான், காக்கிச் சட்டையில ஏழுமலை. செல்வகுமார் நின்னுக்கிட்டிருந்தார், சொல்லணுமா. அந்தப் பொண்ணு நல்லாவே பேசினா. எங்க வெல்டிங் மெஷின், எங்க இரும்பு, எங்க பட்டறைன்னா. பக்கத்து வீட்டு அம்மா என் கிரைண்டர்ல மாவு அரைச்சுக்கிட்டுப் போனா அவங்க சுடற இட்லி எனக்கா வரும்னு கேட்டேன். சிரிப்பை அடக்கிக்கிட்டு ஃபைலைப் பார்த்துக்கிட்டா. அப்புறம் நான் ஜி.எம்.மைப் பார்த்து, சண்டை போடற தொனியே இல்லாம, ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"சார், பிடி ஏன் கழன்று வருது?"

அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டு, "எளிதாக எடுத்துச் செல்வதற்கு ஏதுவாக"ன்னார்.

சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு எனக்கு. என் வாக்கியம். ஒரு எழுத்துக் கூட மாறல.

"சார், அது நான் எழுதினது. கரண்ட் போன ஒரு மத்தியானம், சேலையூர்ல, என் சாப்பாட்டு மேஜையில உட்கார்ந்து நானா எழுதினேன். அது தப்பு"ன்னேன். ஏழுமலையைப் பார்த்து, நீங்க சொல்லுங்கன்னேன். அவர் எழுந்து, மேஜை மேல இருந்த தண்ணி ஜக்கை அண்டாவா வெச்சு, காத்து இந்தப் பக்கம் வந்தா இப்படி, திரும்பினா இப்படின்னு சுத்திச் சுத்தி வந்து காமிச்சார். அந்தப் பொண்ணு எங்க கேன்டீன்ல காத்தே வராதே, எக்ஸாஸ்ட் ஃபேன்தானேன்னு கேட்டுட்டு, கேட்ட கேள்வி எங்க போய் முடியுதுன்னு அவளுக்கே புரிஞ்சு ஃபைலை மூடிட்டா. காத்து திரும்பாத இடத்துல அந்தப் பிடியை ஒருத்தரும் யோசிச்சிருக்க முடியாது.

அப்புறம் ஜி.எம். மெதுவா சொன்னார்: "நான் கண்டுபிடிச்சேன்னு நானா சொல்லலம்மா. பேர் போட்டிருக்கேன்னு வந்து நின்னான். வேணாம்னு சொன்னா மரியாதையா இருக்காதேன்னு விட்டேன். அப்புறம் எல்லாரும் வாழ்த்த ஆரம்பிச்சுட்டாங்க."

இதைக் கேட்டதும் அந்த மனுஷன் மேல இருந்த கோபமெல்லாம் போயிடுச்சு. அவன் மரியாதைக்குப் போட்டான், இவர் மரியாதைக்கு வாங்கிக்கிட்டார், நான் சோம்பேறித்தனத்துல அதை அரசாங்க முத்திரைக்கு அனுப்பினேன். இங்க ஜெயிச்சுட்டோம்னு காகிதத்தை நீட்டினா அவர் கைக்குப் பேனா வராது. மனுஷன் இறங்கறதுக்குப் படி வேணும். நான் செல்வகுமாரைக் கேக்காமலே, "சார், இரும்புலியூர்ல இவர் ஷெட் திறப்பு விழா. நீங்க தலைமை தாங்கித் திறந்து வெக்கணும். பத்திரிகையில முதல் பேர் உங்களுது. உங்க பட்டறையில உருவான பொருள்னு நீங்களே பேசணும், அது உண்மைதானே"ன்னேன். அவர் முகத்துல ரத்தம் திரும்பி வந்ததை நான் பார்த்தேன். மகனுக்கு அனுப்ப போட்டோ கெடச்சுடும்ல.

பேனாவை எடுத்தார். நான் கண்டுபிடிக்கவில்லைன்னு கையெழுத்துப் போட்டார். மூடியைப் போடறதுக்குள்ள, செல்வகுமார் விறைப்பா ஒரு அடி முன்னாடி வந்து, அந்தக் காகிதத்துக்கு மேல இன்னொரு காகிதத்தை வெச்சார். லீவு லெட்டர். அதே பேனாவால அதுலயும் போட்டார்.

திங்கட்கிழமை செல்வகுமாரும் ஏழுமலையும் கேம்ப்புக்குப் போனாங்க. நான் உட்கார்ந்து அந்த விண்ணப்பத்தைத் திருத்தினேன், நாலு பேர் வெளியே, ஒருத்தர் உள்ளே. விளக்கம் கேட்டு எனக்கு வந்த நோட்டீஸ்களை ஒரு அட்டைப்பெட்டி நிறைய வெச்சிருக்கேன். படைப்பிரிவு மேலிடத்துலேர்ந்து பல மாசம் கழிச்சு பதில் வந்துச்சு. உரிமை கோரல, ஆனா எங்க லங்கர்ல இதைச் செஞ்சு பயன்படுத்திக்குவோம்னு. தாராளமான்னு எழுதினோம். காப்புரிமை கொஞ்ச வருஷம் இழுத்து வந்து சேர்ந்துச்சு, ரெண்டு பேர் பேர்ல.

திறப்பு விழா பத்திரிகையைச் செல்வகுமார் நேர்ல கொண்டு வந்து கொடுத்தார். தலைமை ஜி.எம்., முன்னிலை கர்னல், வாழ்த்துரை சுபேதார், நன்றியுரை ஹெச்.ஆர் அம்மா. நான் அனுப்பின அதே பட்டியல், முதல் ரெண்டு பேர் மட்டும் இடம் மாறி. என்னப்பா இது மறுபடியும்னேன். "ஃபார்ம்ல நெசத்தைப் போட்டாச்சு மேடம். பத்திரிகையில மரியாதையைப் போடணும்ல. அடுத்த கேம்ப் வருதே"ன்னார். அந்தப் பட்டியலுக்கு அதுதான் சரியான இடம்னு எனக்கும் பட்டுது. விழா அன்னிக்கு ஜி.எம். அரை மணி நேரம் பேசினார், மொட்டை மாடியிலேர்ந்து கோழியும் கூடவே பேசுச்சு.

ஏழுமலை அன்னிக்கு ஓரமா நின்னு சாப்பிட்டுட்டுப் போயிட்டார். அவருக்கு இதெல்லாம் பெரிசா படலையோன்னு நான் நினைச்சேன். என் வயசுக்கு வந்த பிறகும் எனக்கு மனுஷங்களைப் படிக்கத் தெரியலைன்னு அதுக்கப்புறம்தான் தெரிஞ்சுது. சாயங்காலம் வண்டலூர் பக்கம் ஷேர் ஆட்டோவுக்கு நின்னீங்கன்னா, வர்ற வண்டிங்க பின்பக்கத்தைப் பாருங்க. எல்லா வண்டியிலயும் பிள்ளைங்க பேர் எழுதியிருக்கும். ஒரு வண்டியில ரெண்டு பிள்ளைங்க பேருக்குக் கீழ, அதே சிவப்புப் பெயின்ட்ல, அதே அளவு எழுத்துல, காப்புரிமை நம்பர் இருக்கும். முன் சீட்டுல ஏறி, அது என்ன நம்பர்ணேன்னு கேளுங்க, தாம்பரம் வர்ற வரைக்கும் சொல்லிக்கிட்டே வருவார்.